கிடாரம் தண்ணீருக்குத்தான்

2025 ஓகஸ்ட் 10, ஞாயிறு. புங்குடுதீவு

இன்றும் தண்ணீர் பவுசர் வண்டி வரவில்லை. அம்மா என் வெள்ளைச் சட்டையைக் கிணற்று உப்புத் தண்ணீரில் அலசிவிட்டு, "கொழும்பில ஆர் நக்கிப் பாக்கப் போகினம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை போகிறோம். கனடாவிலிருந்து வந்திருக்கும் மாமி, அப்பாவின் மூத்த அக்கா, கல்கிசையில் ஒரு ஹோட்டலில் எங்களையும் தங்கவைக்கிறார். வெள்ளிக்கிழமை என்னைக் கொழும்புப் பள்ளிக்கூடம் ஒன்றின் நேர்முகத்துக்குக் கூட்டிப் போவார். எங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இல்லை. விடுதிச் செலவு மாமியுடையது. சாதாரண தரப் பரீட்சையில் எட்டு ஏ எடுத்தது நான். இரண்டையும் எப்போதும் ஒரே மூச்சில் சொல்லவேண்டியிருக்கிறது. அதுதான் பிடிக்கவில்லை.

ஓகஸ்ட் 12, செவ்வாய். கல்கிசை

ஹோட்டல் திறந்து மூன்று வருசம்தானாம். ஆனால் எல்லாமே எழுபது வருசப் பழசாகத் தெரியவேண்டும் என்று பாடுபட்டிருக்கிறார்கள். வாசலில் ஓடாத மொறிஸ் மைனர் கார். அறையில் சுழற்றுகிற தொலைபேசி. சுழற்றிப் பார்த்தேன், உயிரில்லை. சுவரில் ஆறு மூக்குப்பேணிகளை ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள். எங்கள் குசினியில் அதில்தான் அப்பா தேத்தண்ணி குடிக்கிறார்.

வெளியே ஒரே சனம். கடற்கரை வீதி முழுக்க ஓட்டோக்கள். றெயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி நடுங்குகிறது.

சாப்பாடு எனாமல் கோப்பையில் வந்தது. அம்மா என் காதுக்குள், "இதிலதானே நாங்கள் கோழிக்குத் தீன் வைக்கிறது" என்றார். எனக்குப் புரையேறிவிட்டது.

மாமி சிரிக்கவில்லை. அம்மாவிடம் சொன்னார்: "கோசலா, நீர் இங்க ஒண்டையும் தொடாதையும். எல்லாம் விலை கூடின பழஞ்சாமான்."

ஓகஸ்ட் 13, புதன்

இங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "நாளைக்கு நிண்டிட்டால்?" குளியலறை வாளியை நிரப்பினார். நான் என் போத்தல்களை நிரப்பினேன். அறை மூலையில் பெரிய செப்புக் கிடாரம் ஒன்றில் காய்ந்த நாணற்பூ செருகியிருந்தது. பூவை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு, இருவரும் வாளி வாளியாய் ஊற்றி அதையும் வாய்வரை நிரப்பினோம். அதன் பிறகுதான் அம்மா ஆறுதலாக இருந்தார்.

ஓகஸ்ட் 14, வியாழன்

பஸ் குலுக்கலில் எழுத்து கோணுது. கோணட்டும்.

காலையில் கீழே சாப்பாட்டு அறையின் கூரையிலிருந்து கிராமபோன் பெட்டிக்கு மேல் தண்ணீர் சொட்டியிருக்கிறது. மனேஜர் சஞ்சீவன் எங்கள் அறைக்கு வந்து கிடாரத்தைச் சரித்துப் பார்த்தார். முன்பு அதை விளக்காக வைத்திருந்தார்களாம். வயர் விடுவதற்கு அடியில் ஓட்டை போட்டு, பிறகு மெழுகால் அடைத்திருக்கிறார்கள். மெழுகு விட்டுவிட்டது; பலகைத் தளத்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

"ஏன் அம்மா இதுக்குள்ள தண்ணி ஊத்தினீங்க?"

"கிடாரம் வேற என்னத்துக்குத் தம்பி?" என்றார் அம்மா. நக்கலில்லை. உண்மையாகத்தான் கேட்டார்.

எங்களைக் கீழே வரவேற்பு மேசைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே மாமி மனேஜரிடம் இங்கிலீஷில் சொன்னார்: இவர்கள் ஊரிலிருந்து என் வேலைக்குக் கூட்டிவந்த ஆட்கள், நல்ல இடங்களில் புழங்கிப் பழக்கமில்லை.

எனக்கு விளங்காது என்று நினைத்தாரா? அல்லது விளங்கினாலும் விழுங்குவேன் என்று நினைத்தாரா?

நானும் இங்கிலீஷிலேயே சொன்னேன். குரல் நடுங்கியது, இலக்கணம் நடுங்கவில்லை. "நான் இவரின் தம்பி மகள். இது என் அம்மா, இவரின் வேலையாள் இல்லை. தண்ணீர் ஊற்றியது நாங்கள், அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஓட்டை போட்டது நீங்கள்."

மனேஜர் குனிந்து தன் பேனாவைப் பார்த்தார். மாமி என்னை ஓரமாக இழுத்துத் தமிழுக்கு மாறினார்.

"வாயைப் பார். நாளைக்கு நேர்முகம் வேணுமெண்டால், விளங்காமல் கதைச்சிட்டன் எண்டு இவரிட்டச் சொல்லு."

"ஏலாது மாமி."

"அப்ப பள்ளிக்கூடமும் இல்லை."

"ஓம்."

அந்த ஓம் என் வாயிலிருந்துதான் வந்ததா? வந்தது. அம்மா மேலே போய் உடுப்புகளை அடுக்கினார்.

பின்னேரம் வெள்ளவத்தையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுதான் வாய் திறந்தார்.

"நீ அங்க என்ன சொன்னனீ?"

சொன்னேன். மாமி சொன்னதையும் சொன்னேன்.

"அவ சொன்னது முகத்திலயே தெரிஞ்சுது. உன்ர படிப்பெண்டு பேசாமல் நிண்டனான்."

அப்படியென்றால், அம்மா எனக்காக விழுங்கியதை நான் துப்பிவிட்டேனா? பிழையா அம்மா என்று கேட்டேன். அம்மா எதிரேயிருந்த தேத்தண்ணிக் கடையைப் பார்த்தார்.

"தெரியாது. வடை வாங்கட்டோ?"

ஓகஸ்ட் 15, வெள்ளி. வீடு

பத்து மணிக்கு நேர்முகம். மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை என்றிருந்தேன். பார்த்தேன். அழுதேன். இன்னொரு தரம் கேட்டாலும் ஏலாது என்றுதான் சொல்வேன்.

ஓகஸ்ட் 20, புதன்

அப்பா இடையில் கிடந்து தவிக்கிறார். "அக்கா போனில அழுகிறா. ஒருக்கா மன்னிப்புக் கேட்டால் என்ன?"

"எதுக்கு அப்பா?"

கோபத்தில் சாமத்தியச் சடங்கு வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொன்ன ஆள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்துப் போனார். திரும்பி வந்து, யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானப் பிரிவுக்கு இடமிருப்பதாக விசாரித்து வந்ததைச் சொன்னார். ஐந்தே முக்கால் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். பஸ்ஸில் படித்தால் வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும் என்றார். வரட்டும்.

செப்டெம்பர் 1, திங்கள்

இடம் கிடைத்துவிட்டது. பள்ளிக்கூட அலுவலகத்தில் படிவம் தந்தார்கள். பாதுகாவலர் என்ற இடத்தில் அம்மா தன் பெயரை எழுதினார்: கோசலா தயாபரன். அடுத்தது தொழில்.

"வீட்டிலதானே அம்மா? கோடு கீறி விடுங்கோ" என்றார் லிகிதர் அக்கா.

அம்மா கோடு கீறவில்லை. பதினொரு வருசமாய்ப் பனங்கிழங்கைப் பிளந்து காயவைத்து, மாவாக்கிக் கடைகளுக்குக் கொடுக்கிறவர் அவர். 'ஒடியல் மா உற்பத்தி' என்று ஆறுதலாக எழுதினார். இடம் போதவில்லை, கடைசி எழுத்துகள் ஓரத்தால் கீழே இறங்கின.

லிகிதர் அக்கா அதை வாசித்தார். பிறகு முத்திரையைக் குத்தினார்.