நாற்பத்தோராம் எண் வீட்டின் இரண்டாவது ஓட்டு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் நலம், வலது முழங்காலைத் தவிர. நீயும் நலம் என்று ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் சொன்னாய், பஸ் இரைச்சலில் பாதிதான் காதில் விழுந்தது, இருந்தாலும் முழுசாக நம்பிக்கொண்டேன். ஃபோன் இருக்கும்போது இந்த அம்மாவுக்கு என்ன கடிதம் வேண்டிக்கிடக்கிறது என்று நினைப்பாய். ஃபோனில் சொல்ல மூன்று முறை வாயெடுத்தேன், மூன்று முறையும் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் பேச்சை மாற்ற முடியாது. அதனால்தான் பரீட்சைத் தாளில் மிஞ்சிய வெள்ளைப் பக்கங்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். பள்ளிக்கூட மணி அடித்ததும் எனக்கு இரண்டாவது உத்தியோகம் ஆரம்பம். பகலில் பிள்ளைகளுக்கு வருகைப் பதிவு, சாயங்காலம் பெரியவர்களுக்கு வருகைப் பதிவு. உனக்குத் தெரிந்ததுதான், நம் பூத்தைச் சேர்ந்த நான்கு தெருவிலும் கதவு கதவாகத் தட்டி வாக்காளர் பட்டியலில் உள்ள பெயரைப் படிக்க வேண்டும், ஆள் இருந்தால் டிக், இறந்திருந்தாலோ வேறு ஊருக்குக் குடிபோயிருந்தாலோ நீக்கல் படிவம். பதினாறு வருஷமாக இதே பை, இதே கதவுகள். அப்பா இறந்ததும் அவர் பெயருக்குப் படிவம் நிரப்பியது நான்தான். உறவுமுறை என்ற கட்டத்தில் மனைவி என்று எழுதிவிட்டு, சரிபார்த்த அலுவலர் என்ற இடத்திலும் நானே கையெழுத்துப் போட்டேன். போன வாரம் தச்சர் வீட்டுக்குப் போனேன், அவர் பையன் வெளியூர் வேலைக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. படிவத்தை எடுத்ததும் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, இருக்கட்டுமே டீச்சர், பேர்தானே, சோறா கேக்குது என்றாள். விதின்னா விதிதாம்மா என்று கறாராகச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தேன். என் நெஞ்சழுத்தத்தைப் பார். மேலே படித்தால் உனக்கே புரியும்.

இந்த முறை தெருவில் இன்னொரு கூட்டமும் சுற்றுகிறது. எல்லாம் பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பிள்ளைகள், முதல் ஓட்டுப் போடப் போகிறவர்கள். கையில் எந்தக் கட்சிக் கொடியும் இல்லை. வரியைத் திருத்து என்று ஒரே ஒரு பக்கம் அச்சடித்து வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார்கள், அதை நிற்கிற எல்லா வேட்பாளருக்கும் கொடுப்பார்களாம், யார் ஒத்துக்கொள்கிறாரோ அவருக்குத்தான் ஓட்டாம். நோட்டுப் புத்தகத்துக்கும் மருந்துக்கும் வரி கூடாதாம். பில்லில் வரியைக் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் தனியாகப் போட வேண்டுமாம். மூன்றாவதுதான் வேடிக்கை, ஆள் குடியில்லாமல் பூட்டிப் போட்டிருக்கிற வீடுகளுக்குக் கூடுதல் வரியாம், வாடகைக்கு வீடு கிடைக்காமல் ஜனங்கள் அலையும்போது சிலபேர் நாலு வீட்டை வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி ஒரு பெண், தடித்த கண்ணாடி, அதைவிடத் தடித்த நோட்டு. நான் அவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர் வைத்திருக்கிறேன். நம் வீட்டுக்கு ஐந்து பேர் வந்தார்கள். எவ்வளவு நாளைக்கு அப்புறம் நம் கூடத்தில் ஐந்து குரல் கேட்டது! டீ போட்டேன், பிஸ்கட் டப்பாவைக் காலி செய்தார்கள், மறுபடியும் டீ போட்டேன். கிளம்பிவிடுவார்களோ என்ற பயத்தில் வேண்டுமென்றே ஒவ்வொன்றுக்கும் மறுத்துப் பேசினேன். மருந்துக்கு வரியை எடுத்துவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று அப்பா உன்னை மடக்குவாரே, அதையே அவர்களிடம் கேட்டேன். நீ சொன்ன பதிலைத்தான் அவர்களும் சொன்னார்கள், உன்னைவிடக் கொஞ்சம் மரியாதையாக.

அங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. கண்ணாடிக்காரி உன் அறைக் கதவைப் பார்த்துவிட்டு, ஆளில்லாத ரூமுக்கும் வரி போடச் சொல்லலாமான்னு யோசிக்கிறோம் டீச்சர் என்று சிரித்தாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள், எனக்குச் சுருக்கென்றது. ஆளில்லாத ரூம் இல்லம்மா, அது என் பொண்ணு ரூம், வேலைக்குப் போயிருக்கா என்றேன். அதோடு விட்டேனா? சம்பளக்காரனுக்குக் கைக்கு வருமுன்னே வரியைப் பிடித்துவிடுகிறார்கள், மற்றவனெல்லாம் தானாகக் கணக்குக் காட்டும்வரை காத்திருக்கிறார்கள் என்று நீ எந்தக் காலத்திலோ கத்தியதை, இன்றைக்குக் காலையில்கூடச் சொன்னாள் என்று எடுத்துவிட்டேன். பிள்ளைகளுக்கு உன்மேல் ஒரேயடியாக மரியாதை வந்துவிட்டது. அக்கா எங்க பேப்பரைத் திருத்தித் தரணும் என்று சனிக்கிழமை காலையில் வந்து நின்றார்கள். குளிக்கிறா என்றேன். போய்விடுவார்கள் என்று பார்த்தால் உட்கார்ந்துகொண்டார்கள். அரை மணி நேரம் ஆயிற்று, நான் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தேன். கடைசியில் கண்ணாடிக்காரி மற்றவர்களை வாசலுக்கு அனுப்பிவிட்டு என் பக்கத்தில் வந்து, தண்ணி சத்தமே வரலையே டீச்சர் என்றாள். முப்பது வருஷமாகப் பொய் சொல்லும் பிள்ளைகளைப் பிடித்தவள், ஒரு சின்னப் பெண்ணிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். நீ போய் நாலு வருஷம் ஆகிறது என்பதைச் சொன்னேன். அவள் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். அதில் நீ இருக்கிறாய், நாற்பத்தோராம் எண் வீட்டில், என் பெயருக்கு நேர் கீழே. கோபித்துக்கொள்வாள், மேலே எழுதிப்போடுவேன் என்று மிரட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ, அப்போ போன தேர்தல்ல அக்கா எங்க ஓட்டுப் போட்டாங்க டீச்சர் என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம். போன தேர்தலில் நீ எங்கேயும் ஓட்டுப் போடவில்லை. அங்கே நீ கொடுத்த மனுவை, பழைய ஊர்ப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்கு முன்னாலேயே அம்மா, அங்க என் பேரை எடுத்துடு என்று எத்தனை தடவை சொன்னாய். கொடுத்துவிட்டேன், மேலே கிடந்து தூங்குகிறது என்றேன். அந்த ஆபீசை நீ திட்டினாய், நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். மகளே, மேலே ஒன்றும் தூங்கவில்லை. படிவம் என் பைக்குள்ளேயே இருந்தது. உன் பெயருக்கு நேரே ஒவ்வொரு தடவையும் டிக் போட்டவள் நான்தான். ஊரில் எல்லாரிடமும் இந்த வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டு என் வீட்டுக்கு வரும்போது, ஒன்று என்று எழுதக் கை வரவில்லை. அப்பா பெயரை அடித்தபோது வராத அழுகை உன் படிவத்தை எடுத்தால் வந்தது. சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால் காலையில் வைத்த தம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கிறது, அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இரண்டு வேளைக்கும் சேர்த்து ஒரே தடவையாகச் சமைத்துவிடுகிறேன். செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தனியாக இருப்பது கஷ்டமாக இருக்கிறது, இதை உன்னிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அதற்காகப் பெற்ற பெண்ணின் ஓட்டைத் திருடலாமா? திருடினேன். பதினெட்டு முடிந்த மறுநாளே மனு வாங்கிவா என்று என்னைப் பாடாய்ப் படுத்தினவள் நீ, உன்னுடையதையே திருடினேன். மன்னித்துவிடு என்று சொல்ல எனக்கு வாயில்லை, எழுதத்தான் முடிகிறது.

நேற்று படிவத்தை நிரப்பிவிட்டேன். நீக்குவதற்கு முன்னால் கடைசி விலாசத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், கதவைத் தட்டியும் ஆள் இல்லையென்றால் கதவிலேயே ஒட்டி அக்கம்பக்கத்தில் ஒருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். சாட்சிக்குத் தச்சர் வீட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். எதற்கு என்று தெரிந்ததும் என்னை நாலு வார்த்தை கேட்பாள் என்று தயாராகத்தான் இருந்தேன். நம் வீட்டுக் கதவின் முன்னால் நின்று நானே தட்டினேன். யாரும் திறக்க மாட்டார்கள் என்று தெரிந்தும் விதிப்படி மூன்று முறை தட்டினேன். இரண்டாவது தடவைக்கு அப்புறம் கையை இறக்கிவிட்டேன். தட்டுங்க டீச்சர், நான் நிக்கிறேன்ல என்றாள் அவள். பசை தடவி ஒட்டினோம், கையெழுத்துப் போட்டாள், உள்ளே வந்து ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போனாள்.

ஏழு நாளைக்குள் நீ ஆட்சேபித்து எழுதாவிட்டால் உனக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பெயரை நீக்குவார்கள். நீ ஆட்சேபிக்க வேண்டாம். படிவத்தின் நகல் இத்துடன் இருக்கிறது, அதை வைத்து அங்கே உடனே மனு கொடு, வாடகை ஒப்பந்தத்தையும் இணைத்துவிடு, கடைசி நாள்வரை இழுக்காதே, அந்தக் குணம் என்னிடமிருந்து வந்தது. கண்ணாடிக்காரி அச்சடித்த பக்கத்தையும் இதோடு வைத்திருக்கிறேன், திருத்தி அவளுக்கே அனுப்பு, தாட்சண்யம் பார்க்காதே. யாருக்கு ஓட்டுப் போடுகிறாய் என்று நான் கேட்க மாட்டேன், போட்டாயா என்று மட்டும் கேட்பேன். நேரத்துக்குச் சாப்பிடு, கண் கெடும்படி வேலை பார்க்காதே. உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வராமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. அங்கே பட்டியலில் உன் பெயர் ஏறியதும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. நானும் உன்னை ஒரு நாளும் கேட்டதில்லை, அந்த வீட்டு எண்ணில் என்னைப் போல நீயும் ஒருத்தி மட்டும்தானா?

இப்படிக்கு,
உன்மேல் உயிரையே வைத்திருக்கும்
அம்மா