நீர் ஒட்டிய பழுப்புத் துண்டு

என் படத்தில், என்னைக் கேட்காமல், நீர் ஒரு துண்டை ஒட்டினீர். அது பிழை. நீர் செத்துப்போனீர் என்பதற்காக அதைச் சரி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

இன்று காலை ஈரத்துணியோடு பலகைக்கு முன்னால் இருந்தேன். உம்முடைய துண்டை மட்டும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். துணியை வைத்ததும் மாப்பசையின் புளித்த மணம் எழும்பியது. சுற்றியிருந்த என் துண்டுகள் ஊறி ஓரம் கிளம்பின. உம்முடையது அசையவில்லை. நான் கோதுமை மாவைக் காய்ச்சி ஒட்டுகிறவன். நீர் கடையில் வாங்கிய வெள்ளைப் பசையால் ஒட்டியிருக்கிறீர். இன்னும் இழுத்தால் பலகையின் தோலும் சேர்ந்து உரியும். துணியை வாளிக்குள் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

அந்தப் பலகை எங்கள் கட்டடத்துக் குப்பை அறையில் கிடந்த அலுமாரிக் கதவு. மல்வேர்ன் பக்கத்து இந்த மாடிக் கட்டடத்துக்கு நான் தனியே குடிவந்த முதல் குளிர்காலத்தில் அதை லிஃப்டுக்குள் ஏற்ற முடியாமல் நின்றபோது, மறு முனையைப் பிடித்தவர் நீர். “என்ன அண்ணன், கதவ மட்டும் வாங்கியிருக்கீங்க, வீட்ட ஆரு தருவா?” என்று கேட்டீர். மட்டக்களப்புப் பேச்சு. எனக்குச் சிரிப்பு வந்தது. காட்டவில்லை.

சித்திரம் எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை. நான் அரசாங்கக் களஞ்சியத்தில் சாமான் கொடுத்து வாங்கியவன். அறுபத்தாறு வயதில் இங்கே கையில் அகப்பட்டதைக் கிழித்து ஒட்டத் தொடங்கினேன். அதற்கு ‘மிக்ஸ்ட் மீடியா’ என்று பெயர் இருப்பதாக மகள் பிறகு சொன்னாள். நான் செய்தது எங்கள் கட்டடத்தின் கீழே உள்ள பஸ் தரிப்பிடம். பஸ் மாறி ஏறத் தரும் பழைய ட்ரான்ஸ்பர் துண்டுகளால் பஸ். தேயிலைச் சக்கையைக் காயவைத்துத் தெருவோரத்துச் சேற்றுப் பனி. காலமான என் மனைவியின் மெல்லிய சேலைத் துண்டால் தரிப்பிடத்துக் கண்ணாடி. மேலே வானம், சாம்பல் நிறத்தில்.

முக்கால்வாசி முடிந்தபோது கை நின்றுவிட்டது. கண்ணாடிக்குள் உள்ளங்கையளவு இடம் வெறுமையாகக் கிடந்தது. காலையில் எழும்பிப் பசை காய்ச்சுவேன். அது ஆறித் தோல் கட்டும் வரை பலகையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கழுவி ஊற்றுவேன். ஐந்து மாதம் இப்படிப் போனது. நோயும் இல்லை, சோம்பலும் இல்லை. என்னவென்று எனக்கு இப்போதும் தெரியாது.

நீர் மிசிசாகாவில் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலையிலிருந்து வரும்போது, எறிந்த கடித உறைகளைப் பையில் கொண்டுவருவீர். உட்பக்கம் பொடிக் கோடுகள் அச்சடித்த உறைகள். “ஒட்ட ஏலாட்டிச் சும்மா கிழிச்சு வைங்க அண்ணன். மறுகா ஒட்டலாம்.”

பிறகு என்று நாங்கள் சொல்வதை நீர் மறுகா என்பீர். உமக்கு எல்லாமே மறுகாதான். “மறுகா, மறுகா எண்டே காலத்தைக் கடத்துறீர் காணும்” என்று நான் ஏசுவேன். ஆனாலும் கிழித்தேன். இருவரும் நிலத்தில் பத்திரிகை விரித்து இருந்து கிழித்து, நிறம் நிறமாக மாஜரின் டப்பாக்களில் போடுவோம். நான் சாம்பல் டப்பாவில் போட்டதை நீர் சில வேளை எடுத்து நீல டப்பாவில் போடுவீர். நான் திருப்பி எடுத்துச் சாம்பலில் போடுவேன். நிறம் தெரியாத மனுசன் என்று நினைத்தேன். நீர் அடுத்த உறையைக் கிழிப்பீர்.

வலது கண்ணில் புரை எடுத்துவிட்டுத் தங்க மகள் வீட்டுக்குப் போனேன். கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விடுவதற்காக உம்மிடம் வீட்டுத் திறப்பைத் தந்தேன். செடிக்கு மட்டும்தான் தந்தேன். பத்து நாளால் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது நீர் உள்ளே நின்றீர், கையில் தண்ணீர்க் கோப்பையோடு. பலகையைப் பார்த்தேன். வானம் முழுவதும் நீலமாக இருந்தது.

“வானத்தை என்ன காணும் செய்தீர்?”

“வானத்த நான் தொடல்ல அண்ணன். நடுவுல ஒரு துண்டுதான் வச்சன்.”

“ஒரு துண்டோ? முழுக்க நீலமாக்கிப்போட்டு ஒரு துண்டெண்டு சொல்லுறீர்!”

“நீங்க போக முதலும் அது நீலம்தான்.”

“இப்பதான் எனக்குக் கண்ணைத் திறந்து விட்டிருக்கினம். எனக்கே கதை விடுறீரோ?”

அப்போதுதான் நடுவில் இருந்ததைக் கண்டேன். உம்முடைய சாப்பாட்டுப் பையில் கிழித்த பழுப்புத் தாள். என் வெற்றிடத்தில், தரிப்பிடத்தில் ஆட்கள் இருக்கும் வாங்கின் மேல்.

“உது ஆர்? ஆளோ, மூட்டையோ?”

“ஆரோ குந்தி இரிக்கிறாப்போல வச்சன். ஆரெண்டு நீங்கதான் சொல்லணும். உங்கட படம்தானே.”

“என்ர படமெண்டால் ஏன் கை வைச்சீர்?”

நீர் கோப்பையை மேசையில் வைத்து, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டீர். திறப்பை நான் கேட்கவும் இல்லை, நீர் தரவும் இல்லை. பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். லிஃப்டில் சந்தித்தால் இருவரும் மாடி இலக்கங்களைப் பார்த்துக்கொண்டு நிற்போம். மூன்று மாதம் கழித்து, மாசிக் குளிரில் உமக்கு நெஞ்சுவலி வந்ததையும் நீர் திரும்பி வராததையும் மரக்கறிக் கடையில்தான் கேள்விப்பட்டேன். இறுதிக் கிரியைக்கு வந்தேன். பின் வரிசையில் இருந்துவிட்டு, முகம் பாராமல் பஸ் பிடித்தேன்.

போன கிழமை மகள் வந்து பலகையைத் திருப்பினாள். கடைத்தொகுதி மோலுக்குள் இருக்கும் நூலகத்தில் முதியவர்களின் கைவேலைகளை வைக்கப் போகிறார்களாம். “அப்பா, உந்த வானம் நல்ல வடிவு” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. இடது கண்ணுக்கும் புரை எடுக்க நாள் வைத்திருக்கிறார்கள், வருகிற செவ்வாய். அவள் போன பிறகு வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடதுக்கு மருந்து விட்டேன். துடைத்துவிட்டு நிமிர்ந்தேன். வலது கண்ணில் கை அப்படியே இருந்தது. பலகையில் வானம் சாம்பலாக இருந்தது, நான் செய்தது போலவே. கையை எடுத்தேன். நீலம். பொத்தினேன். சாம்பல். எத்தனை தடவை அப்படிச் செய்தேன் என்று தெரியாது. பிறகு டப்பாக்களைக் கொண்டுவந்து இரண்டு கண்ணாலும் மாறி மாறிப் பார்த்தேன். சாம்பல் டப்பாவுக்குள் வலது கண்ணுக்கு நீலத் துண்டுகளும் கிடந்தன. நீர் இடம் மாற்றிய துண்டுகள் நினைவுக்கு வந்தன.

வானத்தை நீர் தொடவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பொய்ப் பழியோடு உம்மை அனுப்பிவிட்டேன். ஆனால் நான் எதைச் செய்தேன் என்பது எனக்கு விளங்கவில்லை. சாம்பல் வானம் ஒன்றைச் செய்தேன். அதை என்னைத் தவிர ஒருவரும் காணவில்லை. செவ்வாய்க்குப் பிறகு நானும் காணமாட்டேன். எல்லோரும் கண்ட நீல வானத்தை நான் செய்யவில்லை, ஆனால் என் கைதான் ஒட்டியது. படத்தில் நான் சரியாக அறிந்திருப்பது ஒன்றே ஒன்று, நீர் ஒட்டிய துண்டு. அதையே கழற்றப் பார்த்தேன்.

உம்முடைய முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்து உம் மனைவி வந்தார். கதவடியில் நின்று, “உங்கட திறப்பு அண்ணன். அவர்ர சட்டைப் பைக்குள்ள கெடந்த” என்று நீட்டினார். கை நீட்ட முடியவில்லை. “மறுகா எடுக்கிறன்” என்றேன். சொன்ன பிறகுதான் என் வாயிலிருந்து வந்த சொல் எனக்கே கேட்டது. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

இனி நடக்க வேண்டியதை எழுதி வைக்கிறேன்.

மகள் வெள்ளிக்கிழமை காரோடு வந்து பலகையைப் படுக்கையாக ஏற்றிக்கொண்டுபோக வேண்டும். நிமிர்த்தினால் இன்று ஊறிய துண்டுகள் விழும்.

நூலகத்தார் கீழே வைக்கும் அட்டையில் என் பெயரை எழுத வேண்டும். அதன் கீழே, நடுவிலுள்ள பழுப்புத் துண்டு மட்டும் இன்னாருடையது, கேட்காமல் ஒட்டியது என்று உம்முடைய முழுப் பெயரும் வரவேண்டும். இடம் போதாது என்றால் அட்டையைப் பெரிதாக வெட்டட்டும்.

உம் மனைவி திறப்பைத் தம்மிடமே வைத்திருக்க வேண்டும். நான் கண்ணுக்குப் போயிருக்கும் நாட்களில் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் விடவேண்டும். வேறொன்றையும் தொடக் கூடாது.

நான் செவ்வாய்க்கு முன்னர், பசை காய்ச்சாமல், ஒரு டப்பா நிறையக் கிழித்து வைக்க வேண்டும். நிறம் பிரிப்பதைப் பிறகு பார்க்கலாம்.

தரிப்பிடத்தில் குந்தியிருப்பவர் யார் என்றும் நான்தான் சொல்ல வேண்டும். அதை இன்னும் சொல்லவில்லை.