நிழற்கொடிக்கு ஒரு கட்டம் குறைவு

3-ஆம் தேதி, திங்கள்

அன்புள்ள மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நீ கேட்கவில்லை. கேட்டதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கடிதத்துக்கென்று ஒரு முறை இருக்கிறது.

பதினாறு மாதம் கழித்து உன்னிடமிருந்து மூன்று வரி வந்திருக்கிறது. ஒரு செடி மனிதனைப் பிடித்தால் எப்படிப் பிடிக்கும், படம் இணைத்திருக்கிறேன், இருபத்தைந்தாம் தேதிக்குள் பதில் வேண்டும் என்று. அம்மா அதை நான்கு முறை படித்துவிட்டு, "மேல 'அப்பா'ன்னு போட்டிருக்கா இல்ல, அது போதாதா?" என்றாள். போதும் என்றுதான் நானும் சொன்னேன். சொல்லிவிட்டு வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். தரை தேய்கிறது, உட்காருங்கள் என்று அவள் சத்தம் போட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உன் வேலை இன்னதென்று இப்போதுதான் எனக்குச் சரியாக விளங்குகிறது. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவன் தன்னை வாள்வீரன் என்கிறான், இன்னொருத்தி மந்திரவாதி என்கிறாள். ஒருவர் கதையை நடத்துகிறார். பகடையை உருட்டி, இல்லாத காட்டில் இல்லாத பூதங்களோடு சண்டை போடுகிறார்கள். அந்தப் பூதங்களைச் செய்து, புத்தகமாக்கிக் கொடுப்பது நீ. இதெல்லாம் ஒரு வேலையா என்று நான் அன்று கேட்டதை இப்போது கேட்கவில்லை.

உன் படத்தில் செடிக்கு வாய் இருக்கிறது. இரண்டு வரிசைப் பல்லும் இருக்கிறது. மாடி வீட்டுப் பல் டாக்டரிடம் காட்டினேன். கீழ்க் கடைவாய்ப் பற்கள் திரும்பியிருக்கின்றன என்றார். அது அவர் கவலை. நான் துறைமுகத்தில் இருபத்திரண்டு வருடமாக, கப்பலில் வரும் கன்றுகளையும் விதைகளையும் லென்ஸ் வைத்துப் பார்த்து, உள்ளே விடுகிறேன் அல்லது எரிக்கச் சொல்கிறேன். பல் உள்ள எதையும் இதுவரை எரிக்க நேர்ந்ததில்லை. தோட்டம் தோட்டமாக அழித்ததெல்லாம் இலைக்கு அடியில், சத்தம் போடாமல், முறையான சான்றிதழோடு வந்தவை.

ஆகவே வாயை எடுத்துவிட்டேன். என்னுடையது நிழற்கொடி. அது யாரையும் துரத்தாது. வெயிலில் வருகிறவனுக்கு நல்ல நிழல் கொடுக்கும். அவன் உட்காருவான். செருப்புத் தையல் வழியாக நூல் போன்ற வேர் ஏறும், வலிக்காது. கொஞ்சம் கழித்து எழுந்திருக்க வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றாது. நெருப்பு அதன் பாலில் அவிந்துவிடும். வெட்டினால் துண்டுக்கு ஒரு கொடி முளைக்கும். உப்பு, விஷம், பனி, மந்திரம் எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறேன்.

எனக்கு வேறு விதமாக எழுத வராது என்பதால் எங்கள் ஆய்வுப் படிவத்தையே மாதிரியாக வைத்துக்கொண்டேன். 'வெளியே விடுதல்' என்ற கடைசிக் கட்டத்தில் கை வழக்கம்போல 'அனுமதி இல்லை' என்று எழுதிவிட்டது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உனக்கு உபயோகப்பட்டால் ஒரு வரி எழுது. உபயோகப்படாவிட்டாலும் எழுது.

அன்புடன்,
அப்பா


14-ஆம் தேதி, வெள்ளி

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இந்தப் பத்து நாளில் தபால்காரரை வாசலில் ஏழு முறை சந்தித்தேன். எனக்கு ஏதோ நீதிமன்ற வழக்கு இருப்பதாக அவர் முடிவு செய்துவிட்டார்; போகும்போது ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறார்.

உங்கள் அலுவலகத்தில் நான்கு பேர் ஆடிப் பார்த்து நான்கு பேரும் அரை மணியில் செத்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த வரியைப் படிக்கும்வரை. ஒருவர் பகடையை வீசிவிட்டு எழுந்து போய்விட்டார், தோற்பதற்கென்றே யாரும் உட்கார்ந்து ஆட மாட்டார்கள், தப்பிக்க ஒரு வழி வையுங்கள், முடியாவிட்டால் என் பழைய பல்லையே வைத்துக்கொள்கிறேன் என்கிறாய். அதற்குக் கீழே எதுவும் இல்லை. தாளைத் திருப்பியும் பார்த்தேன்.

நேற்றிலிருந்து வழி தேடுகிறேன். ஒரு ஓட்டை வைக்கலாம் என்று பேனாவை எடுத்தால் கை அதை அடைக்கிறது. இன்று காலை கிடங்கில் ஒரு பெட்டிக் கன்றுகளை லென்ஸ் இல்லாமலே பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேனாம். உதவியாளர் மெதுவாக வந்து, அவை பிளாஸ்டிக் செடிகள் என்றார்.

நாளை சாயங்காலம் இங்கேயே ஆடிப் பார்ப்பதாக ஏற்பாடு. பல் டாக்டர் வாள்வீரர். அம்மா திருடியாகத்தான் இருப்பேன் என்கிறாள், காரணம் கேட்கவில்லை. அவசரப்பட்டுப் பல்லை வைத்துவிடாதே. இன்னும் நாள் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா


16-ஆம் தேதி, ஞாயிறு

என் மகளுக்கு,

இதை எழுத நான்கு முறை உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

டாக்டர் நிழலைக் கண்டதும் வாளை உருவினார். நூற்றுப் பன்னிரண்டு கொடிகளை உண்டாக்கிவிட்டு இரண்டாம் சுற்றில் செத்தார். "இது ரொம்ப அநியாயம் சார்" என்றார். நோயாளிகள் அவரிடம் சொல்வதை முதல்முறையாக அவர் சொல்லக் கேட்டேன்.

அம்மாவின் முறை வந்தது. வேர் முழங்கால் வரை ஏறிவிட்டது. என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன். அதோடு பேசப் போகிறேன் என்றாள். செடிக்குக் காது கிடையாது என்று விதியைக் காட்டினேன்.

"உங்களுக்கும்தான் கிடையாது. முப்பது வருஷமா நான் பேசலையா?" என்றாள்.

செத்துப்போன டாக்டர் சிரித்தார். அவள் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்து, நிதானமாக, "இங்க பாரும்மா, உன் நிழல் நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு வேலை இருக்கு. போய்ட்டு வரேன், என்ன?" என்றாள்.

இதற்குப் பகடை உருட்ட வேண்டுமா என்று டாக்டர் கேட்டார். நான் தாளைப் பார்த்தேன். கோடரிக்கு விதி இருக்கிறது, தீப்பந்தத்துக்கு இருக்கிறது, போய்விட்டு வருகிறேன் என்று சொல்பவருக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று தெருவுக்குப் போனேன். பெட்டிக்கடை வரை ஒரு தடவை, மின்கம்பம் வரை ஒரு தடவை. அப்படி நான்கு நடை.

அந்த வார்த்தையை நீயும் சொன்னாய். பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று சொன்னாய். "போறவ போ, வர்ற கதையெல்லாம் எதுக்கு?" என்று நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அன்று பேப்பரில் என்ன செய்தி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

திரும்பி வந்து விதியை எழுதினேன். நிழற்கொடியால் ஒரு அடிகூட நகர முடியாது. அதன் நிழலில் உட்கார்ந்து எழுந்து போன யாரும் திரும்பி வந்ததில்லை. அதனால்தான் பிடிக்கிறது, பசியால் அல்ல. பிடிபட்டவர் எதற்குப் போகிறேன் என்று சொல்லி, போய்விட்டு வருகிறேன் என்றும் சொன்னால், அது பிடியைத் தளர்த்தியாக வேண்டும். அவர் உண்மையிலேயே வருவாரா என்று அதற்குத் தெரியாது. கேட்கவும் கூடாது. அந்த இடத்தில் பகடை கிடையாது. 'வெளியே விடுதல்' கட்டத்தில் இருந்ததை அடித்துவிட்டேன். திருத்திய தாள் இத்துடன் இருக்கிறது.

ஒரு பூதம் இவ்வளவு சுலபமாக விட்டுவிட்டால் ஆட்டம் சப்பென்று ஆகிவிடாதா என்று டாக்டர் கேட்டார். சுலபமாக விடவில்லை, பதினாறு மாதம் ஆயிற்று என்று அம்மா சொன்னாள். அவர் விதித் தாளில் பதினாறைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

இதை நீ அச்சுக்கு அனுப்பினாலும் சரி, பல்லை வைத்தாலும் சரி. உன் தொழிலில் எது நல்லது என்று உனக்குத்தான் தெரியும். உன் கை எழுதும் பூதங்களுக்கெல்லாம் ஆயுசு நீளட்டும். உனக்கு அதைவிட நீளட்டும். அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். போய்ட்டு வாம்மா.

புத்தகம் வந்ததும் எனக்கு ஒரு பிரதி வேண்டும். தபாலில் அனுப்பாதே. தபால்காரர் வாசலோடு திரும்பிவிடுகிறார்.

உன்
அப்பா