பக்கத்து வீட்டுத் தறி

2020 ஜூன் 8, திங்கள்.

கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடத்தைப் பூட்டியபின் இன்றுதான் முதல் ஆன்லைன் வகுப்பு. முன்னறையில் செல்போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து, ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தினேன். உள்ளறையில் என் வீட்டுக்காரர் சேலை நெய்துகொண்டிருந்தார். இத்தனை வருடமும் பகலில் நான் பள்ளியில், அவர் தறியில். என் பாடம் அவர் காதில் விழுந்ததில்லை; அவர் தறி என் வகுப்பில் கேட்டதில்லை.

"மிஸ், என்னமோ டக்கு டக்குன்னு கேக்குதே?" என்றாள் ஒரு பிள்ளை. பக்கத்தில் அவள் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்.

"பக்கத்து வீட்டுத் தறிம்மா. சொன்னாலும் கேக்க மாட்டேங்கிறாங்க" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன்? வீட்டுக்கு வீடு தறி ஓடும் சின்னாளபட்டியில் அதை மறைக்க என்ன இருக்கிறது? அந்தத் தறியில் நெய்துதான் அவர் என்னை பி.எட். படிக்க வைத்தார்.

நான் சொல்லி முடித்ததும் சத்தம் நின்றது. பிறகு பகல் முழுக்கத் தறி ஓடவில்லை. மத்தியானம் சோறு போட்டபோது ஒரு அப்பளம் கூடுதலாக வைத்தேன். அவர் சாப்பிட்டுக் கை கழுவினார்.

சற்றுமுன் பாயை விரிக்கும்போதுதான் கேட்டார்.

"நாளைக்குக் கிளாசு எம்புட்டு நேரம்?"

"பன்னெண்டு மணி வரைக்கும்."

"சரி. பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட சொல்லிட்டேன். அதுக்கப்புறம்தான் தறி ஓட்டுவானாம்."