நாயுண்ணிப் புதரில் நீ கட்டிய ரிப்பன்

இன்று காலை நோர்வூட் பஸ்ஸுக்கு நடந்துபோகும்போது ரோட்டோரத்தில் யாரோ நாயுண்ணிச் செடியை வெட்டிப் போட்டிருந்தார்கள். தெரியாமல் மிதித்துவிட்டேன். அந்த நெடி மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. தையல் கடை வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் நீ பக்கத்தில் நின்று, "மூக்கப் பொத்தாதடி, அதுக்குக் கொழுப்பு கூடிரும்" என்று சொல்வதுபோல இருந்தது.

உனக்கு அந்தச் செடியைக் கண்டால் அப்படி ஒரு கோபம். பூங்காவைத் துப்புரவாக்க சனிக்கிழமைகளில் பள்ளிக்கூடத்திலிருந்து நம்மைக் கூட்டிப்போனபோது, மற்றவர்கள் கிளையை ஒடித்துப் போட்டுவிட்டுக் கை கழுவப் போய்விடுவார்கள். நீ உன் அம்மா மலைக்குப் போகும்போது கட்டுகிற பழைய படங்குத் துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு, முள் குத்தாமல் கையில் சாக்குத்துணி சுற்றிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து வேரோடு மல்லுக்கட்டுவாய். "தலைய வெட்டுனா மறுபடி வந்துரும். வேரப் புடி" என்பாய். ஒருநாள் இரண்டு பேரும் சேர்ந்து இழுத்து மல்லாக்க விழுந்தோம். நான் வாய்விட்டுச் சிரித்தேன். வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூடத் தலையை மட்டும் ஆட்டுகிறவள் நான். "அடியே, உனக்கு சத்தமெல்லாம் வருமா" என்று கேட்டாய்.

நாம் பிடுங்கிய புதருக்குள்ளிருந்துதான் அந்தப் பழைய சறுக்கு வெளியே வந்தது. அங்கே ஒரு சறுக்கு இருந்ததே யாருக்கும் நினைவில்லை. துருவைத் துடைத்துவிட்டு முதல் ஆளாக நீதான் சறுக்கினாய்.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை காலையில், சறுக்குக்குப் பின்னாலிருந்த பெரிய புதருக்குள் குளவி போவதையும் வருவதையும் நீதான் பார்த்தாய். சத்தம் போடவில்லை. இடப்பக்கச் சடையிலிருந்த சிவப்பு ரிப்பனை அவிழ்த்து ஒரு கிளையில் கட்டினாய். மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிற நம் அம்மாமார்கள் செய்வது அது. கூடு இருக்கிற செடியில் சிவப்புத் துணி கட்டிவிட்டு நிரையை விட்டு விலகிவிடுவார்கள். துணி இருக்கும்வரை யாரும் கிட்டப் போகமாட்டார்கள். தோட்டத்து லய வீட்டில் பிறந்த பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பூங்காக் குழுத் தலைவர் டவுனிலிருந்து விருந்தாளிகளோடும் கேமராவோடும் வந்தார். புதருக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுக்கவேண்டும் என்றார். நீ அவரிடம் போய், "ஐயா, உள்ள குளவி இருக்குங்க" என்றாய். நான் உன் பின்னால்தான் நின்றேன்.

"குளவியெல்லாம் மலையில. இது பார்க்கு" என்றார். பிறகு ரிப்பனைப் பார்த்து, "படத்துல அசிங்கமாத் தெரியும்" என்று அவிழ்த்துத் தன் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவரும் லயத்தில் பிறந்தவர். அவருடைய அம்மாவும் கொழுந்து எடுத்தவர். அந்தத் துணிக்கு அர்த்தம் அவருக்குத் தெரியாது என்று யாரும் என்னிடம் சொல்ல வரவேண்டாம்.

நம்மை மறுபக்கம் குப்பை அள்ள அனுப்பினார். ரிப்பன் இல்லாத புதரில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கை வைத்தார்கள். நீ அள்ளிய குப்பையைப் போட்டுவிட்டு ஓடினாய். ஒவ்வொருவராகப் பிடித்து வெளியே தள்ளினாய். கூடு கலைந்த குளவியெல்லாம் உன்னை மொய்த்துக்கொண்டது. அவர்கள் எல்லோரும் இன்றைக்கும் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் உன் உடலைக் கொடுத்தபோது வலப்பக்கச் சடை மட்டும் கட்டியிருந்தது. உன் அம்மா அழுகைக்கு நடுவே, "எம்புள்ளயோட மத்த ரிப்பன் எங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தலைவரும் அங்கேதான் நின்றார். கை காற்சட்டைப் பைக்குள் இருந்தது.

விசாரணையில் அவர், "சொன்ன பேச்சக் கேக்காம அந்தப் புள்ள பொதருக்குள்ள ஓடிருச்சு" என்றார். நான் எழுந்து ரிப்பனைப் பற்றிச் சொன்னேன். குரல் நடுங்கியது. பேசாத பிள்ளை பேசினால் யார் நம்புவார்கள்? பயத்தில் உளறுகிறது என்று டீச்சர் என்னை வெளியே கூட்டிப்போனார். பூங்காவுக்குக் கிடைத்த பரிசையும் தலைவருடைய படத்தையும் நம் வகுப்புச் சுவரில் மாட்டினார்கள். அதற்குக் கீழே உட்கார்ந்து படிக்க என்னால் முடியவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டேன்.

இப்போது பூங்கா வாசலில், பஸ் நிற்கிற இடத்தில், மழைக்கு ஒதுங்கத் தலைவர் ஒரு கொட்டகை கட்டியிருக்கிறார். கொட்டகையின் நெற்றியில் அவர் பெயர் பெரிதாக இருக்கிறது. உன் பெயர் எங்கேயும் இல்லை. தையல் கடையில் விழுகிற சிவப்புத் துண்டுகளை எடுத்துவந்து அந்தக் கொட்டகைத் தூணில் கட்டினேன். அவர் பிய்த்தார். மறுபடி கட்டினேன். வேலை முடிந்துவந்த பெண்கள் முதலில் கூரையை அண்ணாந்து பார்த்துக் கூட்டைத் தேடினார்கள். "ஒண்ணையும் காணோமே" என்றார் ஓர் அக்கா. இன்னொருவர் மேலே இருந்த பெயரைக் காட்டி, "இருக்கு, வா" என்று அவரை வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

போன வாரம் நல்ல மழை. தலைவர் கொட்டகைக்குள் நின்றார். தூணில் துணி இருந்தது. வெளியே படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்களும், புத்தகப் பையை அணைத்துக்கொண்டு பிள்ளைகளும் நனைந்தபடி நின்றார்கள். "உள்ள வாங்க, எடம் இருக்குல்ல" என்று கூப்பிட்டுப் பார்த்தார். யாரும் அசையவில்லை. துணியைப் பிய்த்து, "எவ கட்டுனது இத" என்றார்.

நான் முன்னால் போனேன். இந்தத் தடவை குரல் நடுங்கவில்லை.

"நான்தாங்க, ஐயா. உள்ள குளவி இருக்குங்க."

உன் வார்த்தைகள்தான். அவருக்கு அது தெரிந்தது. முகம் செத்துப்போனது. அவர் சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சாவு சீக்கிரம் முடிந்துவிடும். தன் பெயருக்குக் கீழே அவர் தனியாக நிற்கவேண்டும், ஒவ்வொரு மழைக்கும்.

கூட்டத்தில் உன் அம்மாவும் நின்றார்கள். அன்று மாலை எங்கள் லயத்துக்கு வந்து, உன் வலப்பக்கச் சடை ரிப்பனை என் கையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

அதை நான் எங்கேயும் கட்டவில்லை, கட்டவும் மாட்டேன். என் பையில் வைத்திருக்கிறேன். அதன் ஜோடி அவரிடம் இருக்கிறது. அதைத் திருப்பித் தரட்டும், இல்லையென்றால் "என்னிடம் இல்லை, தொலைந்துவிட்டது" என்றாவது அவர் சொல்லட்டும். எல்லோர் முன்னாலும், எதை எடுத்தேன் என்றும் சேர்த்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் தையல் கடையில் சிவப்புத் துண்டுக்குக் குறைவில்லை.