ஆருக்க வள்ளம்?

கோயம்புத்தூர்

அன்புள்ள அம்மைக்கு,

ரெஜிஷா எழுதுகிறேன். மாதா துணையால் நான் சுகம். உங்கள் முட்டுவலி குறைந்ததா? தம்பி ஜெனோ ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறானா? புதுப் பிள்ளைகளின் போனை விடுதியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் கடிதம்.

நேற்று கல்லூரியில் எங்களுக்கு அறிமுகக் கூட்டம். அங்கே ஒரு சிரிப்பான காரியம் நடந்தது. முதல்வர் பேசிக்கொண்டிருக்கும்போது அரங்க வாசலில் மணி விடாமல் அடித்தது. நம்மூரில் கடலுக்குப் போன வள்ளம் திரும்பாமல், நேரங்கெட்ட நேரத்தில் கோயில் மணி அடித்தால் எல்லாரும் கடற்கரைக்கு ஓடுவோமே, அதுபோல நானும் எழுந்து ஓடிவிட்டேன். மணி அடித்த அண்ணனிடம், "ஆருக்க வள்ளம் வரல்ல?" என்று கேட்டேன். அவர் திகைத்துப்போய், "சாப்பாட்டு பெல்லுங்க கண்ணு" என்றார். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு அந்த அண்ணனிடம் இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் நெத்திலிக் கருவாடும் தேங்காயெண்ணெயும் கொடுத்துவிடுங்கள். இங்கே எதிலும் ருசி இல்லை.

கடலில் காற்று பலமாக இருக்கும் என்று பேப்பரில் பார்த்தேன். அப்பாவின் வள்ளம் முட்டம் துறையில் கரை ஏறிவிட்டதா? ஏறியதும் வார்டன் அம்மாவுக்குப் போன் செய்து, "அப்பா வந்தாச்சு" என்று மட்டும் சொல்லுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

இங்கே ஒவ்வொரு வகுப்புக்கும் மணி அடிக்கிறார்கள். எழுந்து ஓடாமல் இருக்க, இரண்டு கையாலும் பெஞ்சைப் பிடித்துக்கொள்கிறேன். இதோ, மறுபடியும் அடிக்கிறது.

உங்கள் மகள்,
ரெஜிஷா