மூன்றாம் குரலுக்குக் காத்திருந்தேன்

என் ஆசை மச்சான் ராமையாவுக்கு,

நீ போய் நாலு மாதமாகிறது. தோட்டத்து லயக் குடியிருப்பில் எல்லோரும் உன்னை நல்லவனாக்கிவிட்டார்கள். உன் வாய்க்குப் பயந்து ஒதுங்கிப் போனவர்கள்கூட இப்போது "தங்கமான மனுசன்" என்கிறார்கள். கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் செய்தது என்னவென்று எனக்கல்லவா தெரியும்.

அன்றைக்குத் துரையின் விருந்தாளியோடு ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறினோமே. கொழும்பிலிருந்து வந்த அந்த வெள்ளைக்காரர் வேட்டைக்கு வந்தவரில்லை, குருவி பார்க்க வந்தவர். "துப்பாக்கி இல்லாம காட்டுக்கு வர்ற தொரைய இப்பத்தான்டா பாக்குறேன்" என்று என் காதில் சொன்னாய். புல்வெளியில் மரைமான் கூட்டம் தலை நிமிர்ந்து நம்மைப் பார்த்தது. சிவப்பாகப் பூத்த மரங்களில் குருவிகள் தேன் குடித்தன. மனிதர் சின்னப் பிள்ளை மாதிரி மகிழ்ந்துபோனார். ஓடையோரம் திரியும் கருநீலக் குருவி ஒன்றுதான் அவர் கண்ணில் படவில்லை. அதைத் தேடி நீ முன்னால் போனாய். அவருடைய பெட்டியைச் சுமந்துகொண்டு நான் அவரோடு நின்றேன்.

அப்போதுதான் மூடுபனி இறங்கியது. நாலடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

"வேலு!" என்று கூப்பிட்டாய்.

நம் ஆட்களின் வழக்கம் உனக்குத் தெரியாததா? காட்டில் யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் மூன்றாவது தடவைக்குத்தான் பதில் கொடுக்க வேண்டும். பேய் தெரிந்தவர் குரலில் கூப்பிடும், ஆனால் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடாது. விறகுக்குப் போகும்போதெல்லாம் நாம் இருவரும் அப்படித்தான் நடந்துகொண்டோம்.

"வேலூ..." என்று இரண்டாவது தடவை இழுத்துக் கூப்பிட்டாய். வெள்ளைக்காரர் என்னைப் பார்த்து, குரல் வந்த பக்கம் கைகாட்டினார். நான் வாயில் விரல் வைத்து அவரையும் அடக்கினேன். குருவிக்காக என்று நினைத்து அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சும்மா நின்றோம் மச்சான்.

மூன்றாவது குரல் வரவில்லை.

பனி விலகியபோது பள்ளத்தின் ஓரத்தில் புல் வேரோடு பிய்ந்து கிடந்தது. அதைப் பிடித்துத் தொங்கியிருக்கிறாய். எவ்வளவு நேரம்? ஏன் மூன்று தடவையும் ஒரே மூச்சாகக் கத்தவில்லை? கை நழுவும்போது வழக்கமெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

வீட்டுக்கு வந்து உன் தங்கை செல்லம்மாவிடம் பொய் சொன்னேன். "ஒங்கண்ணன் வழுக்கி விழுந்துட்டாரு, சத்தம்கூட வரல" என்றேன். அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மறுபடியும் கொழுந்து எடுக்கப் போனாள். "எங்கண்ணனுக்கு வலியே தெரியல" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கும்போது, கணக்கப்பிள்ளை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தக் குருவித் தொரை திரும்ப வர்றாரு. நீதான் வேணுமாம். காட்டுல சத்தம் போடாம நிக்கத் தெரிஞ்ச ஆளுன்னு ஒன்னய மெச்சி எழுதியிருக்காரு" என்றார்.

முடியாது என்று சொல்ல வழியில்லை. தேயிலை விலை விழுந்ததிலிருந்து, தோட்டத்துக் கணக்கில் பேர் வெட்டி இந்தியாவுக்கு அனுப்பச் சாக்குத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

மெச்சினாரே, அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அன்று சாயங்காலமே செல்லம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. அடுப்பை ஊதிக்கொண்டே, "எத்தன தடவ கூப்பிட்டாரு?" என்று கேட்டாள்.

"ரெண்டு."

சோறு போட்டு வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

அன்றிலிருந்து நான் கூப்பிட்டால் அவள் திரும்புவதில்லை. இரண்டாவது தடவையும் காது கேட்காத மாதிரி இருக்கிறாள். மூன்றாவது தடவைதான் "என்னங்க" என்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடியும் மலை ஏறுகிறேன். உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன் மச்சான். இனி அந்தக் காட்டில் என் பேரை யார் கூப்பிட்டாலும், பேயாகவே இருந்தாலும், முதல் குரலுக்கே "இந்தா வந்துட்டேன்" என்று ஓடுவேன்.

உன் தங்கையின் புருஷனாக இன்னும் உயிரோடு இருக்கும்,
மச்சான் வேலு